லாவாக் குகையில் முதல் படம் எடுப்பது எப்படி?

லாவாக் குகைக்குள் முதன்முறை கேமராவுடன் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான படத்துடன்தான் வெளியே வருகிறார்கள். நடுவில் வெளிறிப்போன ஒரு பாறை, அதைச் சுற்றிக் கன்னங்கரிய இருட்டு, படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். என் முதல் படங்களும் அப்படித்தான் இருந்தன. கலிஃபோர்னியாவின் வட கோடியில் உள்ள லாவா பெட்ஸ் தேசிய நினைவிடத்தில் என் தங்கை மகனுடன் நான்கு நாட்கள் குகை குகையாக ஏறி இறங்கிய பிறகுதான், தவறு கேமராவில் இல்லை, விளக்கைப் பிடித்த இடத்தில் இருக்கிறது என்று புரிந்தது. புதிதாகப் போகிறவர்களுக்கு அந்த நான்கு நாள் பாடத்தை ஒரே நாளில் கொடுத்துவிட முடியும் என்று நம்புகிறேன்.

முதலில், இந்தக் குகை எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எரிமலையிலிருந்து வழியும் இளகிய குழம்பின் மேற்பரப்பு காற்றுப் பட்டு ஆறி ஓடாகிறது. அந்த ஓட்டுக்குக் கீழே குழம்பு சூடு குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மேலிருந்து வரத்து நின்றதும் மிச்சக் குழம்பு வடிந்துபோக, வெறும் குழாய் மிஞ்சுகிறது. ஹவாயின் கிலாவேயா எரிமலைச் சரிவில் இருக்கும் கசுமுரா குகை இப்படி உருவானதுதான். அதன் நீளம் 65 கிலோமீட்டருக்கும் மேல். ஆறு வற்றிய பிறகு கரையில் நீர்மட்டத்தின் தழும்பு தெரிவது போல, குழம்பு எந்தெந்த மட்டத்தில் ஓடியது என்பது சுவரில் கோடுகளாகவும் திண்ணைகளாகவும் பதிந்திருக்கும். கூரையிலிருந்து உருகிச் சொட்டி அப்படியே உறைந்த கூர்முனைகள் இருக்கும். தரை சில இடங்களில் கயிறு முறுக்கிப் போட்டது போலக் கிடக்கும். நீங்கள் படமெடுக்கப் போவது இந்த ஓட்டத்தின் தடங்களைத்தான். அவை எல்லாமே கறுப்புப் பாறையில் கறுப்பாகவே இருப்பதுதான் சிக்கல்.

குகையும் அனுமதியும்

தொடங்குவதற்கு நிமிர்ந்து நடக்கக்கூடிய, தரை சமமாக உள்ள குகை போதும். லாவா பெட்ஸில் 800-க்கும் மேற்பட்ட குகைகள் இருக்கின்றன. அவற்றில் விளக்கும் விளக்கப் பலகைகளும் பொருத்தப்பட்டிருப்பது மஷ்பாட் குகையில் மட்டும்தான். கண்ணுக்கு இருட்டு பழக அங்கே ஒருமுறை சென்றுவிட்டு, பிறகு வாலன்டைன் குகைக்குப் போங்கள். 1933-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். உயர்ந்த கூரை, வழவழப்பான தரை, சுவரோரத் திண்ணைகள், நடுவே ஓட்டத்தை இரண்டாகப் பிரித்த தூண்கள் என்று ஒரு தொடக்கக்காரருக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. தவழ்ந்து போக வேண்டிய கேட்டகூம்ஸ் குகையை முதல் நாளில் தொடாதீர்கள். முக்காலியுடன் தவழ்வது தனிப் பயிற்சி.

குகைக்குப் போகும் முன் பார்வையாளர் மையத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். “இதற்கு முன் வேறு குகைக்குப் போயிருக்கிறீர்களா? அதே காலணியா, அதே பையா?” என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை மனிதர்களின் காலணி, துணி, கருவிகள் வழியாகவும் ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். அந்த நோய்க்கு வட அமெரிக்காவில் கிடைத்த முதல் சான்றே ஒரு புகைப்படம்தான். 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் எடுக்கப்பட்ட படத்தில் வௌவால்களின் மூக்கில் வெண்மை படர்ந்திருந்தது. அதன்பின் இறந்த வௌவால்கள் பல லட்சம். நம் முக்காலியின் கால்களும் பையின் அடிப்பகுதியும் குகைத் தரையைத் தொடுகின்றன என்பதைப் படமெடுப்பவர்கள் மறந்துவிடுகிறோம்.

வௌவால்கள் தங்கும் பருவத்தில் சில குகைகளை மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் குகையிலும் வௌவால் கண்ணில் பட்டால் விளக்கைத் திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் விலகிவிடுங்கள். ஃப்ளாஷ் அடிக்க வேண்டாம்.

பையில் இருக்க வேண்டியவை

உயிருக்கு உத்தரவாதமானவை முதலில். தலைக்கு ஹெல்மெட், அதில் ஒரு தலைவிளக்கு. அது தவிர ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இன்னும் இரண்டு விளக்குகள், மாற்று பேட்டரிகள். படமெடுக்கும் டார்ச்சை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் பேட்டரி படத்துக்கே தீர்ந்துவிடும். லாவாப் பாறை அரம் போன்றது, ஒருமுறை கை ஊன்றினாலே தோல் கிழியும். தடித்த கையுறையும் முழங்கால் உறையும் அவசியம். எந்தக் குகைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகவே போகாதீர்கள்.

கேமராவைப் பொறுத்தவரை, ஷட்டரை விரும்பிய நேரம் திறந்து வைக்கக்கூடிய ‘பல்ப்’ வசதி உள்ள எதுவும் போதும். அகன்ற கோண லென்ஸ் ஒன்று, ஆடாத முக்காலி ஒன்று, ரிமோட் ஒன்று. இரண்டு டார்ச்சுகள் ஒரே நிற வெளிச்சம் தருபவையாக இருக்கட்டும். ஒன்று நீலமாகவும் மற்றொன்று மஞ்சளாகவும் இருந்தால் பிறகு கணினியில் சரிசெய்வது பெரும் பாடு. கேமராவிலிருந்து கழற்றி இயக்கக்கூடிய ஃப்ளாஷ் ஒன்று இருந்தால் நல்லது. லென்ஸ் துடைக்கும் துணிகளை மூன்று நான்காக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனி பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஈரமான துணியும் லாவாத் தூசியும் சேர்ந்தால் லென்ஸுக்கு உப்புத்தாள்தான். கைபேசி மட்டும் இருக்கிறதா? சிறு முக்காலியில் பொருத்தி, இரவு நிலையில் போட்டு, கீழே சொல்லும் விளக்கு முறையையே பின்பற்றலாம்.

உள்ளே நுழைந்ததும்

பத்து நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். ஒரு பாறையில் உட்கார்ந்து, எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு இருங்கள். வாயிலிலிருந்து வரும் கடைசிக் கீற்று எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியவரும். நடந்து வந்த உடம்பின் சூடும் அதற்குள் தணியும். பிறகு ஒரே ஒரு டார்ச்சை ஏற்றி, அதைத் தலைக்கு மேலே, இடுப்பருகே, தரையோரமாக, கை எட்டும் தூரத்தில் பக்கவாட்டாக என்று மாற்றி மாற்றிப் பிடித்து ஒரே சுவரைப் பாருங்கள். தரையோர வெளிச்சத்தில் கயிற்றுத் தரை எழுந்து நிற்கும். தலைவிளக்கு வெளிச்சத்தில் அதுவே சிமெண்ட் தரை போலப் படுத்துவிடும். எந்த இடத்தைப் படமெடுப்பது என்பதை இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் படம்

முக்காலியை உறுதியான தரையில் நிறுத்துங்கள். உறைந்த கூர்முனைகளுக்கும் மெல்லிய ஓடுகளுக்கும் அருகே வேண்டாம்.

ஃபோகஸ் செய்ய, படத்தில் முக்கியமான பாறையின் மேல் ஒருவர் டார்ச் அடிக்கட்டும். கேமரா தானாக அதைப் பிடித்ததும் ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இருட்டில் கை பட்டு நகராமல் இருக்க லென்ஸ் வளையத்தில் சிறு ஒட்டுநாடா ஒட்டிவிடுவது என் வழக்கம். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகப் பதிவுசெய்யுங்கள். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5000 கெல்வின் போல ஓர் எண்ணில் நிறுத்துங்கள். அப்போதுதான் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நிறம் மாறாது.

தொடக்க அளவுகள்: லென்ஸின் துளை எஃப் 8, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் ஒரு நிமிடம். கேமராவின் ஒளிமானியை நம்ப வேண்டாம். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத் துடிக்கும் கருவி. கறுப்புச் சுவரையும் சாம்பலாக்கிவிடும்.

இப்போது எல்லோரும் தலைவிளக்கை அணைக்க வேண்டும். ஷட்டரைத் திறந்தபின், டார்ச்சால் சுவருக்கு வெள்ளையடிப்பது போல மெதுவாக, ஓரிடத்தில் நிற்காமல் வருடிக்கொண்டே போங்கள். நின்றால் அந்த இடம் வெந்துபோன திட்டாகும். டார்ச்சின் முகம் லென்ஸ் பக்கம் திரும்பவே கூடாது. தொலைவில் உள்ள சுவருக்கு அதிக நேரம் கொடுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். 3 மீட்டரில் உள்ள சுவருக்கு 5 விநாடி கொடுத்தால், 6 மீட்டரில் உள்ளதற்கு 20 விநாடி வேண்டும்.

ஃப்ளாஷ் இருந்தால் அதன் திறனைச் சொல்லும் வழிகாட்டி எண்ணைக் கொண்டு கணக்குப் போடலாம்: அதைத் துளையின் எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100-இல் வழிகாட்டி எண் 40 மீட்டர் என்றால், எஃப் 8-இல் 5 மீட்டர் வரை எட்டும். ஐ.எஸ்.ஓ. 400-க்கு உயர்த்தினால் 10 மீட்டர். ஆனால் அந்தக் கணக்கு வீட்டுக்குள் வெள்ளைச் சுவரும் கூரையும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சூழலை ஒட்டியது. இந்தக் குகைகளின் கறுப்பு லாவாப் பாறையான பசால்ட் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். எனவே கணக்கு சொல்வதைவிட ஒருமுறையாவது கூடுதலாக அடித்துப் பாருங்கள். ஷட்டர் திறந்திருக்க, ஒரே ஃப்ளாஷை எடுத்துக்கொண்டு இருட்டில் நகர்ந்து நான்கு இடங்களிலிருந்து அடித்தால் நான்கு ஃப்ளாஷ்கள் இருந்த பலன் கிடைக்கும்.

படம் வந்ததும் திரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு எந்தப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். திரையின் ஒளியைக் குறைத்துவிட்டு, இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். குகைப் படத்தில் மேடு இடப்பக்கமே குவிந்திருக்க வேண்டும், அது சரிதான். வலப்பக்க விளிம்பில் முட்டாமல் இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

விளக்கு எங்கே நிற்க வேண்டும்

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

முதல் நாள் மாலை வாலன்டைன் குகையின் திண்ணையோரம் ஒரு மணி நேரமாக நான் படமெடுத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், நேரத்தைக் கூட்டினேன், கரிப்பிடித்த அடுப்பங்கரைச் சுவர் போலவே வந்தது. அப்போது தங்கை மகன், “மாமா, விளக்கு உங்கள் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் அந்த வளைவுக்குப் பின்னால் போய் நின்று உங்கள் பக்கமாகச் சுவரில் அடித்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்டான். “பார்த்துப் போ, தரை மேடுபள்ளமாக இருக்கிறது” என்றேன். அவன் போய் நின்று, டார்ச்சை உடலுக்குப் பின்னால் மறைத்து, சுவரை உரசினாற்போல வெளிச்சத்தை விட்டான். சுவரில் இருந்த அத்தனை கோடுகளும் வெள்ளிக் கம்பிகளாக எழுந்தன.

காரணம் இதுதான். லாவாக் குழாயின் உட்சுவர் பல இடங்களில் மறுபடி சூடேறி இளகி, மண்பானைக்கு மெருகு ஏற்றியது போல உறைந்தது. அதன் நிறம் கறுப்பு. ஆனால் மேற்பரப்பு பளபளப்பு. கறுப்பு நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, பளபளப்பு தரும். அந்தப் பளபளப்போ கண்ணாடி போல, வந்த கோணத்துக்கு எதிர்க் கோணத்தில்தான் வெளிச்சத்தை அனுப்பும். நீங்கள் கேமரா பக்கத்திலிருந்து அடித்தால் அது சுவரில் சறுக்கி உங்களை விட்டு விலகிக் குகைக்குள்ளேயே போய்விடும். எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால் உங்கள் லென்ஸுக்கு வரும். சுவர் நனைந்திருந்தால் இன்னும் நல்லது.

ஆகவே சுண்ணாம்புக் குகையில் கற்ற பழக்கத்தை இங்கே கழற்றி வைத்துவிடுங்கள். அங்கே வெளிறிய சுவர்கள் வெளிச்சத்தை ஒன்றுக்கொன்று கைமாற்றி அறையையே நிறைத்துவிடும். இங்கே ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாக, சாய்வாக, பெரும்பாலும் எதிர்ப்பக்கமிருந்து ஏற்ற வேண்டும். இரண்டு டார்ச் இருந்தால் ஒன்றைக் குகையின் வளைவுக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். மற்றொன்றைப் பக்கவாட்டில் குறைவாகப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். ஒரு பக்கம் இருட்டாகவே இருக்கும்போதுதான் குழாயின் வளைவு தெரிகிறது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கோல்டன் டோம் குகையின் பின்பகுதிக் கூரையில் நுண்ணுயிர்கள் படர்ந்திருக்கின்றன. அவை நீரை ஒட்டவிடாத தன்மை கொண்டவை. அதனால் ஈரம் சின்னஞ்சிறு முத்துகளாகத் திரண்டு நிற்கிறது. அந்த முத்துகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்புவதால் கூரை பொன்னாக மின்னுகிறது. அங்கே பக்கவாட்டு விளக்கு வைத்து நாங்கள் எடுத்த படங்களில் பொன்னே இல்லை. டார்ச்சை லென்ஸுக்கு ஒட்டினாற்போல, தலைவிளக்கு இருக்கும் இடத்தில் பிடித்தபோதுதான் வந்தது. அந்தக் கூரையைத் தொடாதீர்கள். விரல் பட்ட இடத்தில் உயிர்ப்படலம் அழிந்துவிடும்.

ஆள்

மனிதர் ஒருவர் இல்லாத குகைப் படத்தில் அளவு தெரியாது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் உள்ள மஞ்சங்குல் குகையில் கூரையிலிருந்து வழிந்து உறைந்த லாவாத் தூண் ஒன்று 7.6 மீட்டர் உயரம். அருகே ஆள் இல்லாமல் எடுத்தால் அது முழங்கால் உயரக் கல்லாகக்கூடத் தோன்றும். ஆளை நடுவில் நிறுத்த வேண்டாம். குழாய் வளையும் இடத்தில், விளக்குக்கு முன்னால் கரிய உருவமாக நிறுத்துங்கள். அவர் சுவரைப் பார்க்கட்டும், கேமராவை அல்ல.

ஒரு நிமிடம் அசையாமல் நிற்பது எளிதல்ல. 1861-ஆம் ஆண்டையொட்டி பாரிஸின் நிலத்தடி எலும்புக் கிடங்குகளை மின்விளக்கில் படமெடுத்த ஃபெலிக்ஸ் நதாருக்கு ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை தேவைப்பட்டது. அவ்வளவு நேரம் யாராலும் நிற்க முடியாததால் தொழிலாளிகளுக்குப் பதிலாக உடையணிந்த பொம்மைகளை வைத்தார். நமக்கு ஃப்ளாஷ் இருக்கிறது: ஆளை ஒரே ஓர் அடியில் பதிவுசெய்துவிட்டு, அவர் இருட்டில் அசையாமல் இருக்க, மற்ற சுவர்களை டார்ச்சால் நிரப்பலாம்.

இருட்டில் பேசிக்கொள்ளச் சொற்களை முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். எங்களுக்கு நான்கு சொற்கள்: “அணை”, “திற”, “அடி”, “மூடு”. ஒவ்வோர் “அடி”க்கும் முன் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஃப்ளாஷில் கண் கூசிப்போனவர் அடுத்த சில நிமிடங்களுக்குக் கால் வைக்கும் இடம் தெரியாமல் தடுமாறுவார்.

மூச்சும் ஆவியும்

வெள்ளைப் புள்ளிகளின் கதை இது. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளும் உங்கள் மூச்சின் ஆவியும் கேமராவருகே அடிக்கும் ஃப்ளாஷில் ஒளிர்ந்து பொட்டுப் பொட்டாக விழுகின்றன. 1866-இல் கென்டக்கியின் மாமத் குகையில் சார்லஸ் வால்டாக் மக்னீசியத்தை எரித்துப் படமெடுத்தார். மக்னீசியம் எரிந்தால் வெண்புகை எழும். நமக்கு அந்தப் புகை இல்லை, மூச்சு மட்டும்தான். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து ஒரு கை தூரமாவது விலக்குங்கள். ஷட்டர் திறக்கும் முன் மூச்சை இழுத்து, பக்கவாட்டில் திரும்பி, அடங்கும்வரை காத்திருங்கள். பின்னாலிருந்து விளக்கு வைக்கும்போது ஆவி இன்னும் பளிச்சென்று தெரியும். உருவத்தைச் சுற்றி ஒளிவட்டம் வேண்டும் என்றால் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

லென்ஸில் நீர் படிவது வேறு விஷயம். குளிர்ந்த பொருள் சூடான ஈரக் காற்றைச் சந்தித்தால் நீர் படியும். கோடையில் வெளியிலிருந்து குகைக்குள் போகும்போது கேமரா சூடாக இருப்பதால் தொல்லையில்லை. வெளியே வரும்போதுதான் படியும். ஐஸ்லாந்துக் குளிர்காலத்தில் வெளியே உறைபனி, உள்ளே அதைவிடச் சற்று இதமான ஈரக் காற்று என்று இருந்தால் உள்ளே போகும்போதே படியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மூடிய பைக்குள் கேமராவை வைத்து இருபது நிமிடம் பொறுத்திருங்கள்.

ஐஸ்லாந்தைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரேக்யவிக்குக்கு அருகே இருக்கும் ரொய்பர்ஹோல்ஸ்ஹெட்லிர் குகையின் உறைந்த லாவாத் துளிகளில் பெரும்பாலானவற்றைப் பார்வையாளர்கள் ஆண்டாண்டாக உடைத்து எடுத்துச் சென்றுவிட்டார்கள். சுண்ணாம்புக் கூர்முனை உடைந்தால் நூற்றாண்டுகளில் கொஞ்சமாவது வளரும். லாவாத் துளி அந்தக் குழம்பு ஓடிய அன்றே உருவாகி முடிந்தது, இனி வளராது. ஐஸ்லாந்து அரசு 1974-இல் நாடு முழுவதும் இவற்றைப் பாதுகாக்கப்பட்டவை என அறிவித்தது. நல்ல கோணத்துக்காக முக்காலியை ஓர் அடி தள்ளி வைக்கும் முன் கீழும் மேலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாயில்

வெளிச்சம் விழும் வாயிலையோ கூரை இடிந்த திறப்பையோ உள்ளேயிருந்து எடுப்பது தொடக்கக்காரருக்கு மிகவும் ஆசையூட்டும் படம். ஏமாற்றுவதும் அதுவே. வானத்துக்கும் சுவருக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரே படத்தில் எந்தக் கேமராவும் அடக்காது. வானத்துக்குச் சரியான அளவில் ஒன்று, சுவருக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று முக்காலியை நகர்த்தாமல் மூன்று படங்கள் எடுத்துப் பிறகு இணைக்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்த வழி, சூரியன் சாய்ந்த பிறகு வானம் நீலமாக மங்கும் அந்த இருபது நிமிடத்துக்காகக் காத்திருந்து, உள்ளே டார்ச் வெளிச்சத்தை அதற்கு ஈடாக்குவது. ஸ்கல் குகையின் பிரம்மாண்டமான வாயிலில் அப்படி எடுத்த ஒரே படம்தான் அந்த நான்கு நாட்களில் நான் சட்டமிட்டு மாட்டியது.

வெளியே வந்த பிறகு

கணினியில் நிழல்களை இழுத்து வெளுக்க வைக்காதீர்கள். பாறை கறுப்பு, அது கறுப்பாகவே இருக்கட்டும். சுவரின் மினுமினுப்பை மட்டும் சற்று உயர்த்தினால் போதும்.

அன்று இரவே அறையில் உட்கார்ந்து முக்காலியின் கால்களைக் கழற்றி மணலைத் தட்டிவிடுங்கள், காலணிகளைத் தேய்த்துக் கழுவுங்கள், பையின் அடியைத் துடையுங்கள். எங்கள் முக்காலியின் ஒரு காலில் ‘லாவா பெட்ஸ்’ என்று எழுதிய ஒட்டுநாடா இன்னும் இருக்கிறது. வேறு குகைக்கு அது வராது. அங்கே போக இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறோம்.